கடலோரத்து வண்ணக் குடில்கள்

அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகருக்குத் தெற்கே, போட் பிலிப் விரிகுடாவின் கரையில், டெண்டி வீதிக் கடற்கரை என்று ஒன்று உண்டு. நாள்தோறும் பிற்பகல் நான்கு மணியளவில் அங்கே ஒரு காட்சியைக் காணலாம். பலநாட்டு மக்கள் கையிற் கமராவுடன் மணலில் நிற்பார்கள். கடலிற் குளிக்க வந்தவர்கள் அல்லர் அவர்கள். பலர் கடலுக்கு முதுகைக் காட்டியே நிற்பார்கள். அவர்கள் பார்வையெல்லாம் கரையோரத்தில் அணிவகுத்து நிற்கும் சிறு மரக்குடில்களின்மீதே படிந்திருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், ஊதா என்று ஒவ்வொன்றும் ஒரு வண்ணம். ஒன்றன் கதவில் அந்நாட்டுக் கொடியே தீட்டப்பட்டிருக்கிறது. ஓர் அறையளவுகூட இல்லாத இக்குடில்களின் வாயில்கள் மேற்கே கடலை நோக்கியிருப்பதால், காலையில் அவற்றின் முகம் நிழலில் மங்கிக் கிடக்கும். சூரியன் மேற்கே சாய்ந்த பின்னரே வண்ணங்கள் உயிர்பெறும். அந்த ஒளிக்காகவே கூட்டம் காத்து நிற்கிறது.

மனிதர் உடை மாற்றுவதைப் பிறர் கண்கள் காணாதிருத்தற்பொருட்டு எழுந்தவை இக்குடில்கள். மறைப்பதற்கென்று கட்டியதைப் பார்ப்பதற்கென்றே இன்று உலகம் திரண்டு வருகிறது. இந்த மாற்றம் நிகழ்வதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் சென்றன.

இலங்கையின் கரையோரத்தில் வாழும் நேயர்கட்குக் கடற்கரைக் குடில் என்றதும் வாடியே நினைவுக்கு வரும். ஓலை வேய்ந்து, வலையும் கயிறும் உலர்ந்த மீனும் நிறைந்து, பருவத்துக்கு எழுந்து பருவத்தோடு கலையும் வாடி உழைப்பின் இருப்பிடம். இங்கே பேசப்படும் குடில்களோ ஓய்வின் பிள்ளைகள். கடலிற் குளிப்பது இன்பம் என்ற எண்ணமே ஐரோப்பாவிற் பிந்தித் தோன்றியது. அதுவும் முதலில் இன்பமாகத் தோன்றவில்லை, மருந்தாகவே தோன்றியது.

1750ஆம் ஆண்டிலே றிச்சாட் றசல் என்னும் ஆங்கில மருத்துவர், கடல்நீர் சுரப்பி நோய்களைத் தீர்க்கும் என்று இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். நோயாளர் அந்நீரில் மூழ்கவேண்டும் என்பதோடு, அதனைக் குடிக்கவும் வேண்டும் என்பது அவர் விதித்த மருத்துவம். அவருடைய புகழாற் பிறைற்றன் என்ற மீன்பிடிக் கிராமம் செல்வர் நாடும் ஊராயிற்று. சீமான்களும் சீமாட்டிகளும் கடலுக்குள் இறங்கவேண்டும். ஆனால் இறங்குவதை எவரும் பார்த்தல் ஆகாது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க வந்ததே நீராட்டு வண்டி.

நான்கு சில்லுகளின்மேல் ஏற்றிய மரப்பெட்டி அது. முன்னும் பின்னும் கதவு. வெளிச்சத்துக்கு உயரத்திற் சிறு பலகணி. கரைப்பக்கக் கதவால் முழு உடையோடு ஏறுவார்கள். குதிரை அதனைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். வண்டி குலுங்கக் குலுங்க உள்ளே உடை மாற்றிக்கொண்டு, கடற்பக்கப் படிகளால் நேரே நீரில் இறங்கவேண்டும். அங்கே பணிப்பெண் ஒருத்தி இடுப்பளவு நீரில் நின்று, வந்தவரைப் பிடித்து அலையில் அமிழ்த்தி எடுப்பாள். பிறைற்றனில் மாதா கண் என்ற பெண் இத்தொழிலில் அரசகுடும்பத்தினரும் அறியத்தக்க புகழ் பெற்றிருந்தாள். மாகேற் என்ற ஊரிற் பெஞ்சமின் பீல் என்பவர், வண்டியின் பின்புறத்தில் நீர்மட்டம்வரை இறங்கும் சீலைக் கூண்டொன்றைப் பொருத்தினார். அக்கூண்டினுள் நிற்பவரைக் கடற்பறவையும் காண இயலாது!

1789ஆம் ஆண்டில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் நோயிலிருந்து தேறி வேமத் கடற்கரைக்குச் சென்றார். அவர் தலை நீருள் அமிழ்ந்த கணத்தில், பக்கத்து வண்டியில் மறைந்திருந்த இசைவாணர் அரச வாழ்த்தை முழக்கினர் என்று அரண்மனையிற் பணிபுரிந்த எழுத்தாளர் பனி பேர்ணி அம்மையார் எழுதிவைத்துள்ளார். மருத்துவத்துக்கும் விழாவுக்கும் இடையிலான எல்லை அக்காலத்திலேயே மெலிந்துவிட்டது போலும்.

விக்ரோறியா மகாராணியாருக்கும் ஒரு வண்டி இருந்தது. வைற் தீவிலுள்ள ஒஸ்போண் மாளிகையின் கரையில் 1847ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆம் நாள் அவர் வாழ்விலே முதன்முறையாகக் கடலில் இறங்கினார். அவர் காலஞ்சென்ற பின்னர் அவ்வண்டி கோழிக்கூடாகப் பயன்பட்டது. உலகின் கால்பங்கை ஆண்ட அரசியின் பெட்டியிற் கோழிகள் அடைந்தன என்பது, பழைய பொருள்கள் எவ்வாறு அழிகின்றன என்பதற்கு நல்ல சான்று. பெரும்பாலானவை பகைவராலோ நெருப்பாலோ அழிவதில்லை. வேறொன்றுக்கு உதவும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டே அழிகின்றன. அவ்வண்டி 1950களில் மீட்டுச் செப்பனிடப்பட்டது. 2012ஆம் ஆண்டுமுதல் அதே கரையிற் பொதுமக்கள் பார்வைக்கு நிற்கிறது.

அதே வைற் தீவில், மகாராணியார் காலத்திலேயே, நிழற்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர் வாழ்ந்தார் என்பதை இங்கே குறிப்பிடாமற் செல்லுதல் முறையன்று. யூலியா மார்கிறெற் கமறன் அம்மையார் தம் 48ஆம் வயதிற் கமராவைக் கையில் எடுத்தவர். அவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமறன் யார் என்பதை இலங்கை மாணவர் எவரும் அறிவர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களோடு இணைந்து வழங்கும் கோல்புறூக் - கமறன் என்ற பெயர்களுள் இரண்டாமவர் அவரே. 1875இல் இத்தம்பதியர் வைற் தீவைவிட்டு இலங்கைக்கு வந்தனர். வரும்போது தங்கள் சவப்பெட்டிகளையும் உடன் கொண்டுவந்தனர் என்பர். களுத்துறைக் கடலோரத்தில் அம்மையார் இந்நாட்டு மக்களைப் படம் பிடித்தார். 1879இல் மலைநாட்டிற் காலமாகி, போகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் முகங்களைத் தேடியவர். கரையில் நின்ற மரப்பெட்டிகள் அவர் கமராவின் கண்ணுக்குப் பொருளாகத் தோன்றவில்லை. அக்காலத்தில் எவருக்குமே தோன்றவில்லை. அன்றாடம் கிடப்பதை யார் படம் பிடிப்பார்?

ஆதலால் நீராட்டு வண்டிகளைக் காட்டும் பழைய படங்கள் பலவற்றில், அவை வேறொன்றன் பின்னணியாகவே தென்படுகின்றன. போல் மாட்டின் என்ற மரச்செதுக்குச் சித்திரக்காரர் 1892இற் கிறேற் யாமத் கடற்கரையில் எடுத்த படங்கள் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கவை. அவருடைய கமரா கையிடுக்கில் வைத்த பொதிபோலத் தோற்றமளித்தது. எதிரே ஒருவர் படம் பிடிக்கிறார் என்பதை அறியாத மக்கள் மணலிற் புரண்டார்கள், சிரித்தார்கள், கொஞ்சிக் குலாவினார்கள். அதுவரை நிழற்படத்துக்கு விறைத்து நின்ற விக்ரோறியா காலத்து மாந்தர், தாம் உண்மையில் எப்படி இருந்தார்கள் என்பதை இந்தப் படங்களே காட்டின. கண்ணுக்கு மறைய வண்டி கட்டிய சமுதாயத்தின் நடுவே மறைந்து நோக்கும் கண்ணொன்று புகுந்துவிட்டது. இது முறையா என்று கேட்பவர் கேட்கட்டும். வரலாற்றாசிரியருக்கு இது பெரும் பேறு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு செய்திகள் ஒன்றையொன்று தொட்டு நிகழ்ந்தன. 1901ஆம் ஆண்டளவிற் பிரித்தானியாவில் ஆணும் பெண்ணும் வெவ்வேறிடத்திற் குளிக்கவேண்டும் என்ற சட்டக் கட்டுப்பாடு நீங்கிற்று. சேர்ந்து குளிக்கலாம் என்றானபின் கடலுக்குள் ஓடும் வண்டிக்கு என்ன வேலை? சில்லுகளைக் கழற்றிப் பெட்டியை மணலில் இருத்தினார்கள். குதிரை போயிற்று, குடில் நின்றது. மற்றச் செய்தி, 1900ஆம் ஆண்டிற் கொடாக் கம்பனியார் பிறவுணி என்ற கமராவை ஐந்து சிலிங் விலைக்கு விற்கத் தொடங்கியமை. அதுகாறும் செல்வருக்கும் தொழில் வல்லாருக்கும் உரியதாயிருந்த கலை, விடுமுறைக்குச் செல்லும் எழுதுவினைஞர் கைக்கும் சிறுபிள்ளை கைக்கும் வந்தது. குடும்பத்தவர் குடிலின் படியில் அமர்ந்து, தேநீர்க் கோப்பையுடன் சூரியனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் படம், அந்நாட்டு வீடுகளின் பழைய படத்தொகுப்புக்களில் இன்றும் காணக்கூடியதே.

நகரசபையொன்று தானே குடில்களைக் கட்டி மக்களுக்கு வாடகைக்கு விட்ட முதலிடம் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போண்மத். ஆண்டு 1909. நகரப் பொறியியலாளர் டொலமோர் என்பவர் அத்திட்டத்தை வகுத்தார். அவற்றுள் ஒன்று இன்றும் போண்மத் பாலத்தருகே நினைவுப்பலகை தாங்கி நிற்கிறது.

அக்குடில்கள் அந்நாளில் என்ன நிறத்தில் இருந்தன? இக்கேள்விக்கு விடை காண நிழற்படத்தை நம்புவோர் ஏமாந்துபோவர். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது என்பது குழந்தையும் அறிந்தது. ஆனால் அது கண்ணை ஏமாற்றவும் செய்யும் என்பது பலரும் அறியாதது. பழைய கண்ணாடித் தகடுகளில் நீல ஒளி மட்டுமே நன்கு பதியும். ஆகவே நீல வானம் வெறும் வெள்ளையாகத் தெரியும். நீலக் குடிலும் வெள்ளைக் குடிலும் ஒன்றுபோலவே காட்சியளிக்கும். சிவப்போ கறுப்பாக விழும். 1873இல் வோகெல் என்ற ஜெர்மானிய அறிஞர் சில சாயங்களைத் தகட்டுப்பூச்சிற் கலந்தாற் பச்சையும் மஞ்சளும் பதியும் எனக் கண்டறிந்தார். சிவப்பும் பதியும் தகடுகள் 1906ஆம் ஆண்டளவிலேயே விற்பனைக்கு வந்தன. வந்தபின்னும் நெடுங்காலம் மலிவான சுருள்கள் சிவப்பை அறியாதனவாகவே இருந்தன. எனவே, பழைய படமொன்றில் ஒரு குடிலின் கதவு இருண்டு தோன்றினால், அது துக்கநிறம் என்று கொள்ளற்க. செம்பருத்தி நிறமாகவும் இருந்திருக்கலாம். நம் முன்னோர் மங்கிய உலகில் வாழ்ந்தனர் என்ற மயக்கம் பெரும்பாலும் தகட்டின் குறையால் எழுந்ததே.

இதற்கு மாற்றாக ஒரு சான்று எஞ்சியிருக்கிறது. பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர் உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளுக்கு மூவகைச் சாயமிட்டுக் கண்ணாடியிற் பரப்பி, 1907இல் வண்ணப்படத் தகடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். ஆறாண்டுகளின் பின், மேவின் ஓகோமன் என்ற பொறியியலாளர் அத்தகடுகளைக் கொண்டு டோசெற் கரையிலுள்ள லல்வேத் குடாவில் ஓர் இளம்பெண்ணைப் படம் பிடித்தார். அவள் உடை சிவப்பு. நூறாண்டுக்கு மேற்பட்ட அப்படத்தைப் பார்ப்பவர், அது நேற்று எடுத்ததோ என்று திகைப்பர். குடில் எதுவும் அதில் இல்லை. ஆயினும் அக்காலக் கடற்கரையின் வெயிலும் கூழாங்கல்லும் துணியும் எந்த நிறத்திற் கண்ணிற் பட்டன என்பதை அறிய விரும்புவோருக்கு, ஆயிரம் கறுப்பு வெள்ளைப் படங்கள் சொல்லாததை அது ஒன்றே சொல்லிவிடுகிறது.

போர் வந்தபோது கடற்கரைக்குப் பொழுதுபோக்கு என்ற பொருள் நீங்கிற்று. 1940இல் இங்கிலாந்தின் தெற்கு, கிழக்குக் கரைகளில் முட்கம்பி வளைத்துக் கண்ணிவெடி புதைத்தனர். சம்பளத்தோடு விடுமுறை வழங்கும் சட்டம் 1938இல் நிறைவேறியிருந்தும், தொழிலாளர் அதன் பயனை முழுதும் நுகர்ந்தது போர் முடிந்தபின்னரே. குடில்கள் மீண்டும் பெருகின. அப்பொழுதுதான் கடல் தன் பங்கைக் கேட்டது. 1953ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் இரவு வடகடல் பொங்கிக் கிழக்குக் கரையை மூடியது. இங்கிலாந்தில் 307 பேரும் ஒல்லாந்தில் 1,800க்கு மேற்பட்டோரும் மாண்டனர். இத்துயரத்தின் முன்னே மரக்குடில்கள் தீக்குச்சிகள்போல அடித்துச் செல்லப்பட்டதை எவர் எண்ணுவார்? 2013ஆம் ஆண்டு திசெம்பரிலும் அக்கரையில் வெள்ளம் புகுந்து குடில்களை உடைத்தது. பழமையான வரிசை என்று இன்று படம் பிடிக்கப்படுவனவற்றுட் சில, உண்மையிற் பழைய இடத்தில் நிற்கும் புதிய மரங்களே. இதனை ஒரு குறையாகக் கொள்ளவேண்டியதில்லை. கடலோரத்திற் பழமை என்பது பெரும்பாலும் இடத்துக்கும் வடிவத்துக்கும் உரியது, பலகைக்கு உரியதன்று.

மெல்பேண் குடில்களின் கதையும் இத்தகையதே. பிறைற்றன் என்றே பெயர்கொண்ட அப்பகுதியில் 1862ஆம் ஆண்டளவிலேயே நீராட்டுப் பெட்டிகள் எழுந்தன. அவை பல கரைகளிற் சிதறிக் கிடந்தன. பொருளாதார மந்தம் நிலவிய 1930களில், 1934ஆம் ஆண்டை ஒட்டி, அவை டெண்டி வீதிக் கரைக்கு நகர்த்தப்பட்டு ஒரே கோட்டில் நிறுத்தப்பட்டன. ஆகவே இன்று நிழற்படக்காரரைக் கவரும் அந்த அணிவகுப்பு, கலைஞர் ஒருவர் கண்ட கனவன்று, நகரசபையின் ஒழுங்கு. தொண்ணூறுக்கு மேற்பட்ட அக்குடில்களில் இன்றும் மின்சாரம் இல்லை, குழாய்நீர் இல்லை. மரச்சட்டம், பலகைச் சுவர், நெளிதகரக் கூரை என்ற பழைய அமைப்பை மாற்றவும் கூடாது. அவ்வட்டாரத்தில் வசிப்பவரே உரிமை பெறலாம். இவ்வளவு தடையிருந்தும் ஒன்று மூன்று இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் விலைபோயிருக்கிறது. இங்கிலாந்தின் மட்போட் மணற்றிட்டிலும் மூன்று இலட்சம் பவுணுக்கு மேல் கொடுத்து வாங்கியோர் உளர். ஏழை எழுதுவினைஞரும் தேநீர் அருந்திய குடில், அவர் பேரப்பிள்ளைகளுக்கு எட்டாப் பொருளாயிற்று. அவர்கள் அதனைப் படம் பிடிக்கலாம், அதற்குக் காசில்லை.

வண்ணக் குடில்களின் படங்களில் மிகவும் பரவியவற்றுட் சில தென்னாபிரிக்காவிலிருந்து வருவன. கேப்ரவுணுக்கு அண்மையிலுள்ள மியூசன்பேக், சென் ஜேம்ஸ் ஆகிய கரைகளிற் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று அடுக்கிய குடில்கள் நிற்கின்றன. சென் ஜேம்ஸ் குடில்கள் கிழக்கு நோக்கியவை. அங்கே படம் பிடிப்போர் விடியலில் எழுந்து செல்வர். அழகான காட்சி, ஐயமில்லை. ஆனால் அந்த அழகுக்குப் பின்னே நிற்பது யாது? 1953ஆம் ஆண்டு அந்நாட்டில் நிறைவேறிய தனித்தனி வசதிகள் ஒதுக்கற் சட்டத்தின்படி, பூங்காவின் வாங்கு முதற் கடலின் அலைவரை இனத்துக்கு இனம் பிரிக்கப்பட்டது. மியூசன்பேக் வெள்ளையருக்கென ஒதுக்கிய கரை. இந்தியப் பெருங்கடலோர டேர்பனில், வெள்ளையருக்கு ஒரு பகுதி, ஆபிரிக்கருக்கு ஒரு பகுதி, இந்தியருக்கு வேறொரு பகுதி. அவ்விந்தியருட் பெருந்தொகையினர், 1860ஆம் ஆண்டு நவம்பரிற் சென்னையிலிருந்து வந்த துரூறோ என்ற கப்பல் தொடக்கம் பல கப்பல்களில் வந்திறங்கிய கூலித் தொழிலாளரின் வழியில் வந்த தமிழர். அவர்களுடைய மூதாதையர் கடந்துவந்த அதே கடலில், அவர்கள் எந்த அலையில் இறங்கலாம் என்பதை அறிவிப்புப் பலகை சொல்லிற்று.

அக்காலத்தில் அக்குடில்களை மட்டும் எடுத்த வண்ண அஞ்சலட்டை, இதனை ஒருபொழுதும் சொல்லாது. சொன்னவர் வேறொருவர். ஏணஸ்ற் கோல் என்ற கறுப்பின இளைஞர், அப்பலகைகளையும் அவற்றின் கீழ் வாழ்ந்த வாழ்வையும் கறுப்பு வெள்ளையிற் படம் பிடித்து, 1966இல் நாட்டைவிட்டு வெளியேறி, மறுவருடம் நூலாக வெளியிட்டார். அந்நூல் அவர் தாய்நாட்டிற் தடைசெய்யப்பட்டது. வண்ணப்படம் மறைத்ததை வண்ணமற்ற படம் காட்டிற்று. 1989இல் மக்கள் கேப் பகுதியின் வெள்ளையர் கரைகளுக்குள் திரண்டு சென்றனர்; பேராயர் டெஸ்மன்ட் ருற்று அவர்களுடன் இருந்தார். அவ்வாண்டு நவம்பரிற் கரைகள் யாவருக்கும் திறந்துவிடப்பட்டன. அடுத்த ஆண்டு சட்டமே நீக்கப்பட்டது. இன்று அக்குடில்களின் முன்னே எல்லா நிறத்துப் பிள்ளைகளும் ஓடி விளையாடுகின்றனர். கமராவுடன் செல்பவர், பிள்ளைகள் விலகட்டும், குடில் மட்டும் தனித்துத் தெரியட்டும் என்று காத்திருப்பது வழக்கம். அக்கரையைப் பொறுத்தவரை அப்படிக் காத்திராமல் இருப்பதே நல்ல படத்தைத் தரும்.

இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்தில், விற்ஸ்ரபிள் என்ற கரையில், நீலச்சாயம் வெளிறிய பழங்குடில் ஒன்று நின்றது. ஓவியர் திரேசி எமின், 1992இல் தோழி ஒருவருடன் சேர்ந்து அதனை வாங்கினார். 1999இல் அதனைப் பெயர்த்தெடுத்து, அப்படியே ஒரு கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்தார். ஓட்டையும் உடைசலுமான அப்பலகைகளைச் சாள்ஸ் சாச்சி என்ற செல்வர் 75,000 பவுணுக்கு வாங்கினார். கடற்காற்றுக்கும் உப்புக்கும் தப்பி, நகரத்துக் களஞ்சியமொன்றிற் பத்திரமாகப் பூட்டிவைக்கப்பட்ட அக்குடில், 2004ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் அக்களஞ்சியத்தில் மூண்ட தீயிற் சாம்பராயிற்று. அதனுள்ளே அமர்ந்து எமின் எடுப்பித்த நிழற்படங்கள் மட்டும் எஞ்சின. அவை இன்று இலண்டன் ரேற் கலைக்கூடத்தின் சேர்க்கையில் இருக்கின்றன. படத்திற் குடிலின் சுவர்ப்பலகைகள் தெரிகின்றன.